வேலை கேட்டு வந்தவர்கள்

வேலை கேட்டு வருகிறவர்கள் வாசலில் செருப்பை விடும் விதமே தனி. உறவினர்கள் கழற்றி உதறிவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். ஒன்று மேற்கே பார்க்கும், இன்னொன்று கவிழ்ந்து கிடக்கும். வேலை கேட்டு வருகிறவர்களோ ஜோடி பிசகாமல் ஓரமாக, மூக்குத் தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வருகிறார்கள். "அதிக நேரம் தொந்தரவு தரமாட்டோம், சொன்னவுடன் போய்விடுகிறோம்" என்று அந்தச் செருப்பு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது.

சென்ற மாதம் ஒரு காலையில் மூலக்குளத்தில் எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. அதற்குரியவன் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவரின் மகன். என்ஜினீயரிங் படித்து நான்கு வருஷம் ஆகிறது. இப்போது வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. 2020-ல் ஆலையை மூடியபோது வெளியே வந்தவர். பையன் கதை எழுதுவான் என்று எனக்கு முன்பே தெரியும். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஆனால் அவன் முதலில் அதை நீட்டவில்லை.

"ஐயா, சென்னையில ஒரு பதிப்பகத்துல பிழை திருத்த ஆள் வேணுமாம். உங்களுக்கு அவங்களைத் தெரியும்னு அப்பா சொன்னாரு. ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா..."

நான் நோட்டைப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகவே திறந்துகொண்டது. "தம்பி, உனக்கு எதுக்கு இந்தப் பிழை திருத்துற வேலை? நீ..." என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேல் சொல்லவில்லை. யாரோ தோளைப் பிடித்து இழுத்தாற்போல நின்றுவிட்டேன். "நீ எழுதப் பிறந்தவன்" என்றுதான் அந்த வாக்கியம் முடிந்திருக்கும். அதை நான் ஏற்கெனவே ஒரு முறை ஒருவனிடம் முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், அதைவிடப் பெரிய இன்னொரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் செய்த காரியத்துக்கு அவரைத்தான் சாட்சிக்கு அழைத்துக்கொண்டேன்.

1910-ஆம் வருஷக் கடைசியில் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் விழுப்புரத்தில் ரயில் மாறித் திருக்கோவிலூர் போய் இறங்கினார். விழுப்புரம் எங்கள் ஊரிலிருந்து வண்டி கட்டினால் எட்டிவிடுகிற தூரம்தான். அந்த இளைஞருக்கு வயது இருபத்து மூன்று. எஃப்.ஏ. பரீட்சையில் ஒரு முறைக்கு மேல் தோற்றவர். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையில் நோட்டுப் புத்தகங்கள், அவை நிறையக் கணக்குகள். பெயர் ராமானுஜன். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமஸ்வாமி ஐயரைப் பார்க்க வந்திருந்தார். இந்தியக் கணித சங்கத்தை ஆரம்பித்தவர் அந்த ராமஸ்வாமி ஐயர்தான். வந்தவர் கேட்டதோ கணிதத்தில் ஒரு அபிப்பிராயம் அல்ல. தாலுகா ஆபீஸ் மாதிரி ஓர் இடத்தில் ஒரு குமாஸ்தா வேலை.

ஐயர் நோட்டுகளைப் புரட்டினார். புரட்டியவர் வேலை கொடுக்கவில்லை. ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் இந்த மனிதரை உட்காரவைத்து இவருடைய மேதையை நசுக்க மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! வேலை இல்லை என்று சொல்வதையே ஒரு மரியாதையாகச் செய்துவிட்ட மனிதர். இந்தக் கதையை நான் இளம் வயதில் எங்கோ படித்தேன். படித்தது அப்படியே உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. படிப்பு எப்போது எதற்குப் பயன்படப் போகிறது என்று படிக்கிறபோது யாருக்குத் தெரிகிறது?

1979-ல் நான் ஓர் அலுவலகத்தில் சிறிய பிரிவு ஒன்றுக்குப் பொறுப்பாளன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. ஏழெட்டுப் பேர், இரண்டு மின்விசிறி, அலமாரி நிறையக் கோப்புகள். நகல் எடுக்கும் குமாஸ்தா இடம் ஒன்று காலியாயிற்று. தற்காலிக இடந்தான். அப்போது ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். வில்லியனூர்ப் பக்கம். கவிதை எழுதுகிறவன். அவனுடைய இரண்டு கவிதைகளை ஒரு சிறு பத்திரிகையில் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நானே கார்டு எழுதிப் போட்டிருந்தேன். அந்தக் கார்டின் தைரியத்தில்தான் வந்தான்.

நான் அவனை உட்காரவைத்தேன். காபி வரவழைத்துக் கொடுத்தேன். ராமானுஜன் கதையைச் சொன்னேன். "இந்த நாற்காலியில் உன்னை உட்காரவைத்தால் தமிழ் ஒரு கவிஞனை இழந்துவிடும்" என்றேன். அவன் கண் கலங்கிற்று. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

நடந்தது இவ்வளவுதான் என்று முப்பது வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவும் இல்லை. இலக்கியக் கூட்டங்களில் "எழுத்தும் உத்தியோகமும்" என்று பேசக் கூப்பிட்டால் இதைச் சொல்லுவேன். ராமஸ்வாமி ஐயர் முதலில் வருவார், அடுத்து நான் வருவேன். கூட்டம் கை தட்டும். எனக்கே கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

ஞாபகம் என்பதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. புதுச்சேரிப் பிரதேசங்கள் இந்தியாவோடு சேருவதா என்று 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்ததில் 170 பேர் சேர வேண்டும் என்றார்கள். அன்று காலை எங்கள் மூலக்குளத்துச் சாலை வழியே கார்கள் வரிசையாகப் போனதும், புழுதி எழும்பி எங்கள் வீட்டுத் திண்ணை எல்லாம் செம்மண் படிந்ததும், நான் தூணைக் கட்டிக்கொண்டு பார்த்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது. ஆனால் என் அம்மா இருந்தவரையில் இதைக் கேட்டுச் சிரிப்பாள். "அன்னைக்கு நீ காய்ச்சல்ல போர்வையைப் போர்த்திக்கிட்டு உள்ள கிடந்தே. கார் போனதை உங்க அப்பா வந்து சொன்னாரு." அப்படியானால் அந்தப் புழுதி? அது அப்பாவின் வார்த்தையிலிருந்து எழும்பிய புழுதி. சத்தியம் செய்யச் சொன்னால் இன்றைக்கும் நான் அந்தக் கார்களைப் பார்த்தேன் என்றுதான் சத்தியம் செய்வேன்.

கல்வியைப் பற்றியும் எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்ல ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். நாங்கள் அவரைச் சைகோன் தாத்தா என்போம். பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் மனிதர்கள் பலர் பிரெஞ்சு படித்துக் கப்பலேறி இந்தோ சீனாவுக்குப் போனார்கள். போலீஸ், வரி வசூல், தபால் என்று உத்தியோகம் பார்த்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்கியவர்களைச் 'சொல்தா' என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் சொல்லுவார்கள். தாத்தா சொல்தா அல்ல. வரி இலாகாக் குமாஸ்தா. உழவர்கரைக் கொம்யூனில் அந்தக் காலத்தில் அவ்வளவு நன்றாகப் பிரெஞ்சு பேசியவர் வேறு ஒருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல்தான் வந்தது. பிரெஞ்சு மொழி ஒரே நாளில் போய்விடவில்லை என்பது உண்மை. லிசே பள்ளி இருந்தது, இன்றும் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் சாதாரண வீடுகளில் தகப்பனார்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். இனிமேல் பிரெஞ்சு படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்? என் அப்பாவும் அந்தக் கணக்கைப் போட்டார். நான் கற்க ஆரம்பித்திருந்த பிரெஞ்சுப் புத்தகம் பரணுக்குப் போயிற்று. இங்கிலீஷ் பிரைமர் இறங்கி வந்தது. எங்களை விட ஐந்தாறு வயது பெரிய பையன்கள் பாடுதான் திண்டாட்டம். பிரவே பரீட்சைக்குப் பாதி தூரம் வந்துவிட்டவர்கள் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றார்கள்.

ஒரு நாள் தாத்தாவிடம் நான் கேட்டேன், சிறுபிள்ளைத் துணிச்சல். "தாத்தா, நீங்க படிச்சதெல்லாம் இப்ப வீண்தானே?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பசிக்காகப் படிச்சேன். பசி தீர்ந்துது. படிப்பு மட்டும் போகாம உக்காந்திருக்கு. அதை என்ன செய்யச் சொல்றே?" என்றார்.

அவருடைய கடைசி வருஷங்களில் நினைவு தப்பத் தொடங்கிற்று. பேரப்பிள்ளைகளின் பெயர் போயிற்று. சைகோனே போயிற்று என்று நினைக்கிறேன். ஆனால் களத்தில் நெல் மூட்டை அடுக்கும்போது திண்ணையில் இருந்தபடி எண்ணுவார். எண்ணுவது பிரெஞ்சில். எழுபது என்பதற்கு அறுபதும் பத்தும் என்றும், தொண்ணூறு என்பதற்கு நாலிருபதும் பத்தும் என்றும் சொல்லுகிற விசித்திரமான எண் முறை அது. அந்த இடறலான படிகளில் எல்லாம் ஒரு தடவை கூடத் தவறாமல் ஏறி நூறுக்கு வந்து சேருவார். ஆள்காரர்கள் தங்கள் எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் அவர் எண்ணிக்கையைத்தான் நம்புவார்கள். எந்தச் சர்க்காரும் சம்பளம் கொடுக்காத அந்த வேலையை அவர் இறப்பதற்குப் பத்து நாள் முன்வரை செய்தார்.

கற்றது வேலைக்கு உதவாவிட்டால் வீண் என்று நான் சொல்லத் தயங்குவதற்கு அவர்தான் காரணம். அதற்காக, வேலை கிடைக்காவிட்டால் என்ன, கல்வி தன்னளவிலேயே பெரிது என்று எழுந்து நின்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. தாத்தா சொன்னதைக் கவனியுங்கள். "பசி தீர்ந்துது" என்றார். அது தீர்ந்த பிறகுதான் படிப்பு உட்கார்ந்திருக்க இடம் கிடைத்தது. பசி தீராதவனிடம் போய் இதைப் பேசுவது வயிறு நிறைந்தவனின் பேச்சு. அதைத்தான் நான் 1979-ல் பேசினேன்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? 2016-ல் வில்லியனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, நல்ல ஆகிருதி. "சார், என்னைத் தெரியலையா?" என்றார். தெரியவில்லை. பெயரைச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கதையின் நாயகன் அல்லவா! "இப்ப என்ன எழுதறீங்க?" என்று முதல் கேள்வியாகக் கேட்டேன். அவர் சிரித்தார். "பாட்டா? அதெல்லாம் அப்பவே விட்டாச்சு சார். அரிசி மண்டியில கணக்கு எழுதினேன். அப்புறம் நானே ஒரு மண்டி வச்சேன். நல்லாத்தான் இருக்கேன்."

நான் விடவில்லை. அவரை நினைத்தே பேசிவருகிறேன் என்றும், அன்றைக்குக் காபி குடித்துக்கொண்டே நாம் பேசியதை மறக்கவே முடியாது என்றும் சொன்னேன். அவர் பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே, கோபம் ஒன்றும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "காபி நீங்கதான் குடிச்சீங்க சார். நான் நின்னுக்கிட்டிருந்தேன்."

பிறகு அவரே தொடர்ந்தார். அன்று காலை வீட்டில் ஒன்றும் இல்லை. தங்கைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய கெடு. அம்மாவிடம் "கார்டு போட்டிருக்காரு, கண்டிப்பா கிடைச்சிடும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். "நீங்க யாரோ கணக்கு மேதையைப் பத்திச் சொன்னீங்க. எனக்கு அதுல ஒண்ணுதான் மனசுல நின்னுது. அவருக்கு அப்புறம் சாப்பாட்டுக்கு வழி கிடைச்சுதான்னு கேக்கணும்னு தோணிச்சு. கேக்கலை."

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். 1979-லும் தெரியும். சொல்லாமல் விட்டேன். ராமஸ்வாமி ஐயர் ராமானுஜனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையில் கணிதப் பேராசிரியராக இருந்த சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். சேஷு ஐயர் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு வழி காட்டினார். ராவ் என்ன வேண்டும் என்று கேட்டபோது, சோற்றுக் கவலை இல்லாமல் கணக்குப் போட அவகாசம் வேண்டும் என்றார் ராமானுஜன். ராவ் யோசித்துப் பார்த்து, மாதம் 25 ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆக, திருக்கோவிலூரில் 'இல்லை' என்று சொன்ன அந்தக் கைதான் அடுத்த கதவின் சாவியையும் கொடுத்தது. நான் என்ன கொடுத்தேன்? உபமானம் கொடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குமாஸ்தா வேலை மேதையை நசுக்கும் என்பதே முதலில் உண்மைதானா? ராமானுஜன் பிறகு குமாஸ்தாவாகத்தான் ஆனார். 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார். சாமான் கட்டி வந்த காகிதங்களைப் பொறுக்கி அவற்றில் கணக்குப் போட்டார் என்பார்கள். மேலே இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர். இரவில் இருவரும் பலகையை வைத்துக்கொண்டு உட்காருவார்களாம். கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில், நான் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா என்றுதான் தம்மை முதலில் அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் உலகத்தின் கதவைத் தட்டினார். அவரை வாட்டியவை அதற்கு முந்தின, வேலையே இல்லாத வருஷங்கள். அந்த வருஷங்கள் உடம்பிலிருந்து என்னென்ன எடுத்துக்கொண்டன என்று யார் கணக்கிட முடியும்? 1920-ல் முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார்.

எங்கள் ஊரிலேயே இரண்டு விதமும் உண்டு. பாரதிதாசன் 1909-ல் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றல் பட்டு, 1946 வரை பள்ளிக்கூடத்து மணிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார். பாட்டு நின்றுவிடவில்லை. பாரதியாரோ 1908-ல் வந்து 1918 வரை பத்து வருஷம் இங்கே இருந்தார். 'இந்தியா' பத்திரிகை 1910-ல் நின்றபின் நிலையான வருமானம் என்று ஒன்று இல்லை. குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்தக் காலத்தில்தான் பிறந்தன. இதைச் சொல்லி, வறுமைதான் கவிதையை வளர்க்கிறது என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அரிசி இல்லாத நாளில் அடுப்படியில் இருந்தவரிடம் அவர்கள் கேட்டதுண்டா? செல்லம்மாவின் கணக்கு வேறாக இருக்கும்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரணில் என் பழைய டைரிகள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. டைரி எழுதுவது எங்கள் ஊர் மண்ணிலேயே இருக்கிற பழக்கம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கிச் சுமார் இருபத்தைந்து வருஷம் எழுதினார். துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்தவர். துபாஷி உத்தியோகத்துக்குச் சம்பளம் உண்டு, செல்வாக்கு உண்டு, பல்லக்கு உண்டு. டைரி எழுதச் சொல்லி எவரும் சம்பளம் கொடுக்கவில்லை. கப்பல் வந்ததும், யாரோ யாரையோ பற்றிக் கோள் சொன்னதும், மழை பெய்ததும் அதில் இருக்கின்றன. 1761 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதத்தில் ஊர் இங்கிலீஷ்காரர் கையில் விழுந்தது. எண்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டுகளை உலகம் அறியவில்லை. 1846-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. இன்று துபாஷி உத்தியோகத்தை யார் நினைக்கிறார்கள்? சம்பளமில்லாத வேலைதான் நிற்கிறது. அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். அவர் அன்றன்றைக்கு எழுதினார். முப்பது வருஷம் கழித்து மேடையில் நின்று சொல்லவில்லை.

என்னுடைய 1979-ஆம் வருஷத்து டைரியை எடுத்தேன். தேதியைக் கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. இருந்தது நான்கே வரி. பையன் வந்ததாக ஒரு வரி. மழை என்று ஒரு வரி. மற்ற இரண்டு வரிகளை இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "இடம் மேலே இருந்து வந்த சிபாரிசுக்கு என்று போன வாரமே முடிவாகிவிட்டது. இவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ராமானுஜன் கதையைச் சொல்லி அனுப்பினேன்."

காபியைப் பற்றி ஒன்றும் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து அந்த வரிகளை மறுபடி மறுபடி படித்தேன். எழுத்து என்னுடையதுதான். அன்றைக்கு எனக்கு உண்மை தெரிந்திருந்தது, எழுதியும் வைத்திருக்கிறேன். பிறகு எந்த வருஷத்தில் அந்தச் சிபாரிசு கதையிலிருந்து கழன்றது, எந்த வருஷத்தில் காபிக் கோப்பை என் கையிலிருந்து அவன் கைக்கு மாறியது, எந்த வருஷத்தில் நான் ராமஸ்வாமி ஐயர் ஆனேன்? தெரியாது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தூசு தட்டினேன், அவ்வளவுதான். தட்டத் தட்டப் பளபளப்பு ஏறிற்று.

கோழைத்தனம் பெரிய குற்றம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மேலிடத்தை எதிர்த்து அந்த இடத்தை அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்க என்னால் முடியாது. முயன்றிருந்தால் என் வேலைக்கே ஆபத்து. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். "இடம் போய்விட்டது தம்பி, நியாயமாகப் போகவில்லை, என்னால் தடுக்க முடியவில்லை" என்றால், அவன் என்னைத் திட்டிக்கொண்டே அன்று மாலையே வேறு கதவைத் தட்டியிருப்பான். அதற்குப் பதிலாக, நீ மேதை, உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, அவன் எனக்கே நன்றி சொல்லும்படி செய்தேன். திட்டும் உரிமையையும் பிடுங்கிக்கொண்டேன். நான் கற்ற ஒரு நல்ல கதையை அந்தக் காரியத்துக்குக் கருவியாகப் பயன்படுத்தினேன். கல்வி வீணாகிற இடம் என்று ஒன்று உண்டானால், தாத்தாவின் திண்ணை அல்ல அது, என் மேஜைதான்.

அவர் கவிதையை விட்டதற்கு நான் காரணமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேலை கொடுத்திருந்தால் கவிஞராகியிருப்பார் என்று சொல்வதும் இன்னொரு கதை கட்டுகிற வேலைதான். அவர் மண்டியில் எத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன என்று விசாரித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையும் நான் சந்தேகிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

இப்போது வாசலில் நிற்கும் பையனிடம் வருகிறேன். அவன் தகப்பனாரின் ஊர் வரலாறு சிறியதல்ல. 1936 ஜூலை 30-ல் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுட்டார்கள்; பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதன் பலனாகத்தான் எட்டு மணி வேலைச் சட்டம் இங்கே வந்தது. எட்டு மணிக்கு மேல் வேலை வாங்காதே என்று உயிரைக் கொடுத்த ஊரில், எட்டு மணி வேலைக்காக ஒரு பிள்ளை நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் ஓட்டுகிற வண்டிக்கு எட்டு மணிக் கணக்கு உண்டா என்று கேட்டேன். "பன்னெண்டு ஆகும் ஐயா. மழை நாள்ல இன்னும் கூட" என்றான்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன்: இவனுக்குத் தமிழ் பிழையின்றி வரும், அக்கம்பக்கத்தில் நல்ல பெயர், வேலை அவசியம் தேவை. மேதை என்று எழுதவில்லை. அந்த இடம் ஏற்கெனவே யாருக்காவது என்று முடிவாகியிருந்தால் உடனே சொல்லிவிடும்படியும், பையனைக் காத்திருக்க வைக்க வேண்டாம் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கடலூரில் எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றுக்கும் அதே போல இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும்.

போகும்போதுதான் அவன் நோட்டை நீட்டினான். "ஐயா, நேரம் இருந்தா..."

"படிக்கிறேன். ஆனா இது வேற, அது வேற. கதை நல்லா இல்லேன்னாலும் அந்தக் கடுதாசி செல்லும்" என்றேன். அவன் சிரித்தான்.

நோட்டில் ஐந்து கதைகள். மூன்று படித்திருக்கிறேன். ஒன்று சுமார். ஒன்றில் முடிவு ஓடிப்போய்க் கிணற்றில் விழுகிறது. மூன்றாவது, இரவில் மழையில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும் ஒருவனைப் பற்றியது. அதில் இரண்டு பக்கம் மிக நன்றாக இருக்கிறது. ஒற்றுப் பிழை ஏழு இருந்தது. பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறேன். பிழை திருத்தப் போகிறவன் அதைப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. கடலூருக்கு நாளை நானே போன் செய்து கேட்பதாக இருக்கிறேன்.